சுருட்டை அண்ணைக்கு வைத்த கொண்டை

கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து நின்று மச்சாள் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நகர நடுவில் உள்ள பெரிய அருங்காட்சியகம். ஆசியக் கூடத்தின் ஒரு மூலையில், மேலிருந்து வெளிச்சம் விழும் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு தலை, கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. அலையலையாகப் பின்னுக்கு வாரிய தலைமயிர், உச்சியில் ஒரு கொண்டை, நெற்றியில் இருந்து நேராக இறங்கும் மூக்கு, பாதி மூடிய கண், நீளமாகத் தொங்கும் காது. அதைப் பார்த்துத்தான் மச்சாள் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பல்ல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கூடமே திரும்பிப் பார்க்கும்படி. காவல் நின்ற மனிதர் எங்களை நோக்கி நடக்கத் தொடங்கினார். வெளியே பிடித்து விடுவார்களோ, பொலிசுக்கு அறிவிப்பார்களோ, அதனால் மச்சாள் தன் கணவரைக் கனடாவுக்கு எடுக்கிற ஸ்பொன்சர் அலுவலுக்குப் பழுது வருமோ என்று ஒரு மூச்சுக்குள் எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி நடந்தவள். ஆனால் அந்தப் பயத்துக்குள்ளும் எனக்குச் சிரிப்பு முட்டியது. ஏனென்றால் பெட்டிக்குள் இருந்த அதே முகத்தை, அதே கொண்டையோடு, அந்தக் கிழமைதான் மச்சாள் ஸ்காபரோவில் எங்கள் வேலைத்தலத்தில் சீமெந்தில் வார்த்திருந்தார்.

மச்சாள் என் கணவரின் தமக்கை. நாங்கள் இருவரும் தோட்டச் சிலை செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலை செய்தோம். கார் திருத்தும் கடைகளுக்கு நடுவே, உயரக் கூரை போட்ட ஒரு கட்டடம். பொஸ் கிரேக்க நாட்டுக்காரர். அவருடைய தகப்பன் கொண்டுவந்த அச்சுகள் சுவர் நீளத்துக்கு அடுக்கியிருக்கும்: சிங்கங்கள், தண்ணீர்க் குடம் ஏந்திய பெண்கள், அவர்களுடைய பழைய சாமிகள், ஞானிகள். அவர்களின் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. மச்சாள் தானே பெயர் வைத்தார். சுருள்முடி வைத்த அழகான சூரியசாமி, சுருட்டை அண்ணை. சிங்கத்தோல் போர்த்து, கையில் பெரிய தடியோடு நிற்கும் பயில்வான், தடியன். கழுத்தில் இருந்து கணுக்கால் வரைக்கும் மடிப்பு மடிப்பாகத் துணி சுற்றிய தாடிக்கார ஞானி, சால்வை வாத்தியார். மச்சாள் ரப்பர் அச்சுக்குள் சீமெந்துக் கலவையை ஊற்றித் தட்டித் தட்டிக் காற்றை வெளியேற்றுவார். அச்சைக் கழற்றிய பிறகு பொருத்துத் தழும்புகளை அராவுவதும், காற்றுக்குமிழி விட்ட துளைகளை அடைப்பதும் என் வேலை. மூக்கு நுனியில்தான் குமிழி விழும். எத்தனை சாமிகளுக்கு மூக்கு அடைத்திருப்பேன்!

அது ஊரில் போர் முடிந்த கோடை. அதற்கு முந்திய மாதங்களில் நாங்கள் வேலை விட்டதும் நேரே நகரத்துக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லி வீதியில் ஆட்களோடு ஆட்களாக நின்று கத்திவிட்டு வருவோம். பிறகு ஒரு நாள் எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். மச்சாளின் கணவர் வன்னியில் அகப்பட்டிருந்தார். அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் இருந்த பிறகு, முட்கம்பி அடித்த முகாம் ஒன்றில் இருக்கிறார் என்று தகவல் வந்தது. அவரைக் கனடாவுக்கு எடுக்க வேண்டும். அதற்கு மச்சாளுக்கு வேலை இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த வருடமோ இங்கே எங்கு பார்த்தாலும் ஆட்களுக்கு வேலை போய்க்கொண்டிருந்தது. எங்கள் பொஸ்ஸும் சிலரை ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பியிருந்தார். மச்சாள் அந்த நாட்களில் கலகலப்பு இல்லாத ஆளாகிப் போனார். சுருட்டை அண்ணையைக்கூடப் பகிடி பண்ணுவதில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் புத்தர் வந்தார். நகரின் ஓரத்தில், ரூஜ் பக்கம் பூங்கன்றுத் தோட்டம் வைத்திருந்த ஒரு வியட்நாம் அம்மா, வாசலில் வைக்க ஆள் உயரத்தில் நிற்கிற புத்தர் வேண்டும் என்று கேட்டார். எங்களிடம் இருந்தது சின்னதாக உட்கார்ந்த புத்தரும், பெரிதாக ஒரு புத்தர் தலையும்தான். வந்த வேலையைத் திருப்பி அனுப்ப மனமில்லாத பொஸ், சால்வை வாத்தியாரைத் தோளில் தட்டிக் காட்டினார். உடம்பு இது, தலை அது, சேர்த்து ஒட்டுங்கள், துணி சுற்றியவர்தானே என்றார். எனக்குச் சந்தோஷம். ஒரு கிழமைக்கு வேலை இருக்கிறது! திரும்பினால் மச்சாள் முகம் கறுத்து நிற்கிறார்.

"நான் உந்த முகத்தைத் தொடமாட்டன்."

"மச்சாள், வேலையெல்லே. பொஸ்ஸுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"நீ என்னவும் சொல்லு. சந்திக்குச் சந்தி, ஆமிக்காரன்ர காவலரணுக்குப் பக்கத்தில, வெள்ளை வெளேரெண்டு உந்த முகம்தான். சோதனைக்கு இறங்கி நிக்கேக்க உதைப் பார்த்துக்கொண்டுதான் நிண்டனான். என்ர மனுசன் இப்பவும் உதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். நான் இஞ்ச இருந்து உதுக்கு மூக்கு வார்க்கிறதோ?"

நான் கெஞ்சினேன். வேலை போனால் அண்ணையை எப்படி எடுப்பீர்கள் என்று அழுதுகூட விட்டேன். கடைசியில் "சரி சரி, மூக்கைச் சிந்தாதை, செய்யிறன்" என்றார். மறுநாள் எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. அடுத்த நாள் போனபோது சிலை பொருத்தி முடிந்து, சாக்கு மூடி நின்றது. மச்சாள் சாக்கை இழுத்தார். சால்வை வாத்தியாரின் உடம்பின் மேல் சுருட்டை அண்ணையின் தலை! கேற் தூணின் உச்சிக்கு வைக்கிற சின்ன உருண்டையை வார்த்து உச்சியில் ஒட்டி, அதன் மேல் ஈரக் கலவையால் மயிரை அலையலையாக இழுத்துவிட்டிருந்தார். காது இரண்டையும் தோளை எட்டும்வரை நீட்டியிருந்தார்.

"என்ன வேலை செய்து வைச்சிருக்கிறீங்கள்?"

"ஏன், கொண்டையும் காதும் வைச்சால் புத்தர்தானே? அந்த மனுசிக்கு என்ன தெரியப்போகுது?"

மனுசிக்குத் தெரியுமோ இல்லையோ, பொஸ்ஸுக்குத் தெரிந்தது. சின்ன வயதில் இருந்து பார்த்த முகம் அல்லவா? அவருடைய ஆங்கிலமும் எங்களுடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல, ஆகவே அவர் சொன்னதைத் தமிழிலேயே எழுதுகிறேன். "என்னுடைய சூரியனுக்குக் கொண்டை போட்டிருக்கிறீர்கள்! அவனை எனக்குத் தெரியாதென்று நினைத்தீர்களா?" தலைக்குள் இரும்புக் கம்பி இறக்கி இறுகியாயிற்று, இனிக் கழற்ற முடியாது. சனிக்கிழமை அந்த அம்மா வருவார். ஏற்றால் தப்பினீர்கள், ஏற்காவிட்டால் திங்கட்கிழமை வரவேண்டாம் என்று மச்சாளைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார். மச்சாள் அச்சுகளைக் கழுவப் போய்விட்டார். எனக்கு என்ன செய்வதென்று தோன்றாமல், கைபேசியில் சிலையைப் படம் பிடித்தேன். கணவரிடம் காட்டி வழி கேட்கலாம் என்று.

அந்தப் படத்தைச் சாப்பாட்டு மேசையில் பார்த்தது என் மகள். அப்போது அவள் சின்ன வகுப்பு. "அம்மா, ஓ மை கோட்! இவரை எனக்குத் தெரியும்!" என்றாள். பள்ளிக்கூடத்தால் கூட்டிக்கொண்டு போன அருங்காட்சியகத்தில் இருக்கிறாராம். "தலை மட்டும்தான் இருக்கு. சேம் ஹெயார், சேம் கொண்டை, ஐ சுவேர்!" சும்மா உளறாதே என்று அதட்டினேன். பிறகு நித்திரை வரவில்லை. உண்மையாக இருந்தால்? வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் மகளையும் மச்சாளையும் இழுத்துக்கொண்டு சப்வே ஏறினேன். மச்சாள் வழியெல்லாம் முணுமுணுத்தார். "சின்னப்பிள்ளை சொன்னதெண்டு சிலை பார்க்கப் போறாளாம். உனக்கு விசர் முத்திப்போச்சு."

அப்படிப் போய் நின்ற இடத்தில்தான் அந்தச் சிரிப்பு. "எடியே, சுருட்டை அண்ணையடி! எனக்கு முன்னம் ஆரோ கொண்டை வைச்சிட்டானடி!"

காவலாளி வந்தார். திட்டப்போகிறார் என்று பார்த்தால், கண்ணாடியில் மூக்கை வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, பக்கத்துப் பெட்டியையும் பாருங்கள் என்றார். என் மகள் பெட்டிக்குக் கீழே எழுதியிருந்ததை ஆங்கிலத்தில் வாசித்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். காந்தாரம் என்று ஒரு தேசம். இப்போதைய பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் சேருகிற இடம். கிரேக்க அரசன் ஒருவன் படையோடு அவ்வளவு தூரம் வந்து, அவனுக்குப் பின்னால் அவனுடைய ஆட்கள் சிலர் அந்தப் பக்கங்களிலேயே தங்கி, அரசாண்டு, கலந்து போனார்கள். முந்தியெல்லாம் புத்தரை மனித உருவில் செய்வதில்லையாம். ஒரு பாதச் சுவடு, ஒரு வெறும் இருக்கை, ஒரு மரம். அங்கே இருக்கிறார் என்று நினைத்துக் கும்பிடுவது. பிறகு எத்தனையோ தலைமுறை கழித்து, காந்தாரத்துச் சிற்பிகள் அவருக்கு முகம் வைக்கத் தொடங்கியபோது, அவர்கள் கைக்குப் பழகியிருந்தது கிரேக்க முகம். அந்தச் சுருள்மயிரையே எடுத்து உச்சியில் முடிந்துவிட்டார்கள். உடம்புக்கு அந்த மடிப்பு மடிப்பான சால்வை. எனக்குப் புல்லரித்தது. கொண்டையும் காதும் வைத்தால் புத்தர்தானே என்று அவர்களில் எவனோ ஒருவனும் தன் கூட்டாளியிடம் சொல்லியிருப்பான்!

பக்கத்துப் பெட்டியில் இருந்தது ஒரு சின்னக் கற்பலகை. நடுவில் புத்தர். அவருக்குப் பின்னால் காவலுக்கு நிற்பது யார் என்கிறீர்கள்? தாடியும் திரண்ட புயமுமாக, எங்கள் தடியன்! கையில் தடிக்குப் பதிலாக இடிமுழக்க ஆயுதம் என்று மகள் வாசித்தாள். மச்சாள் துள்ளினார். "தடியனும் வந்திட்டானடி! எங்கட கடையில இருந்து எல்லாரும் இஞ்ச வந்து நிக்கினம்!" அதைவிட ஒரு விஷயம். அந்தத் தலை கல் அல்ல, சுண்ணாம்புச் சாந்து. அந்தப் பக்கத்தில் சாந்துத் தலைகளை அச்சில் வார்த்து, பிறகு கையால் காதையும் மயிரையும் திருத்துவதும் உண்டாம். மகள் அதை வாசித்ததும் மச்சாள் சிரிப்பை நிறுத்தினார். மறுபடி குனிந்து, காதுக்குப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "பொருத்தின இடம் தெரியுது, பார். வடிவா அராவேல்லை. உன்னை மாதிரி ஒருத்தி இருந்திருக்கிறாள், காய்ச்சல் எண்டு வீட்டை நிண்டிட்டாள்." பிறகு, எனக்குச் சொல்லுகிறாரா தனக்குச் சொல்லுகிறாரா என்று தெரியாத குரலில், "அப்ப உது ஆமிக்காரங்கட முகமெண்டு இல்லை. அவனவன் தன்ர கைக்கு வந்ததைத்தான் வைச்சிருக்கிறான்" என்றார். திரும்பி வரும்போது சப்வேயில் எங்கள் மூவருக்கும் வாய் ஓயவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பி வேறிடம் போனார்கள்.

சனிக்கிழமை காலை, கடை திறக்க முன்னமே போய்ப் பொஸ்ஸிடம் அருங்காட்சியகத்தில் பிடித்த படங்களைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், துடைத்துவிட்டுப் போட்டார். தன்னுடைய ஆட்கள் அவ்வளவு தூரம் போனார்களா என்று கேட்டார். போய் என்ன செய்தார்கள் என்று கேட்டார். சிலை செய்தார்கள் என்றேன். மேசையில் ஓங்கி அடித்துச் சிரித்தார். சாக்கைத் தானே இழுத்து, கொண்டை வைத்த தன் சூரியனைச் சுற்றிச் சுற்றி வந்தார். எங்களுக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். தப்பிவிட்டோம் என்று நான் நினைத்த நேரம், "ஆனால் வாங்குகிறவர் அந்த அம்மா. அவருக்குப் பிடிக்காவிட்டால் நான் வேறு புத்தர் கொடுத்தாக வேண்டும், அந்தத் தலையை வார்க்க எனக்கு ஆள் வேண்டும்" என்று மச்சாளைப் பார்த்துச் சொன்னார். கோபம் இல்லை. ஆனால் பேச்சு பேச்சுத்தான்.

வியட்நாம் அம்மா வந்தார். மெலிந்த, சிரித்த முகம். அவர் சிலையைப் பார்க்கப் பார்க்க நான் அந்த முகம் வந்த கதை முழுவதையும், காந்தாரம், கிரேக்கர், அருங்காட்சியகம் எல்லாவற்றையும், மூச்சு விடாமல் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். படங்களைக் கையில் வாங்கிப் பார்த்தார். நல்ல வடிவான மனிதர் என்று சிலையைப் புகழ்ந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "என்னுடைய அம்மாவுக்காகத்தான் கேட்டேன். அவருக்கு இப்போது என்னையே அடையாளம் தெரிவதில்லை. புத்தரைத் தெரிகிறது. காலையில் வாசலுக்கு வந்து கும்பிடுவார். இவரை அவருக்குத் தெரியாது."

எனக்கு எல்லாம் இடிந்து விழுந்தது. பொஸ் மச்சாளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மச்சாளுக்கு ஆங்கிலம் என்னளவுகூட வராது. "என்ன சொல்லுறா?" என்று கேட்டார். சொன்னேன். மச்சாள் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்துக்குள் நான் என்னவெல்லாம் யோசித்திருப்பேன்! வேலை போகும், ஸ்பொன்சர் போகும், அண்ணை அந்தக் கம்பிக்குப் பின்னாலேயே இருந்துவிடுவார், எல்லாம் நான் மியூசியத்துக்கு இழுத்துக்கொண்டு போய் வளர்த்த வீண் ஆசையால். மச்சாள் ஏப்ரனை இறுக்கிக் கட்டினார்.

"அடுத்த கிழமை வரச் சொல்லு. அவவின்ர அம்மாவுக்குத் தெரிஞ்ச முகத்தை நான் வார்த்துத் தாறன்."

வார்த்தார். உடம்புக்கு இன்னொரு சால்வை வாத்தியாரை வார்த்துவிட்டு, அந்தப் பெரிய தலையின் அச்சைத் தட்டில் இருந்து இறக்கி, தலைகீழாக வைத்து, உள்ளே விளக்கைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். நான் பக்கத்தில் போனேன். "வந்து பார். உள்ளுக்கு வெறும் பள்ளம்தான்" என்றார். கலவையை ஊற்றியவர், வழக்கமாகத் தட்டுகிற அளவுக்கு அச்சைத் தட்டவில்லை. நான் பார்த்தேன். இறுகிய பிறகு ரப்பரைத் தாடையில் இருந்து மேல்நோக்கி உரித்தார். சந்திக்குச் சந்தி பார்த்த அதே முகம் ஈரமும் சாம்பல் நிறமுமாக வெளியே வந்தது. அதோடு அவருக்குச் சமாதானம் வந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். அவர் அந்தக் கோபத்தை ஒருபோதும் விடவில்லை. இப்போதும் விடவில்லை. ஆனால் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்து, "நாசமாப் போச்சு, மூக்கில குமிழி. வா, வந்து அடை" என்று அவர் என்னைக் கூப்பிட்ட குரல், எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கேட்ட பழைய மச்சாளின் குரல். ஓடிப்போய் அடைத்தேன். அந்தளவு கவனமாக வேறெந்த மூக்கையும் நான் அடைத்ததில்லை.

மச்சாளுக்கு வேலை நிலைத்தது. இப்போது அந்தக் கட்டடத்தில் சமையலறை அலுமாரி விற்கிறார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட நான், மகளைக் கேட்டுக் கேட்டுக் காந்தாரத்தைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். முதலில் புத்தருக்கு முகம் வைத்தது காந்தாரமா, இந்தியாவுக்குள்ளேயே மதுராவா என்று படித்தவர்கள் இன்னும் வாதாடுகிறார்களாம். கிரேக்கர் நேரே தந்ததா, ரோமாபுரி வியாபாரத்தோடு வந்ததா என்று அதிலும் சண்டையாம். எனக்கு அந்தச் சண்டையைக் கேட்கவே ஆசையாக இருக்கிறது. தமிழ்நாட்டிலும் எங்கள் பக்கத்திலும் முந்தித் தமிழ்ப் பௌத்தர் இருந்தார்கள் என்று அவள் சொன்ன நாள் முழுக்க, வேலையில் கண்டவரையெல்லாம் பிடித்துச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த நாட்களில் நாங்கள் வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு வீட்டின் பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழ்த் தளத்தில், வாடகைக்கு இருந்தோம். பிறகு ரூஜ் பக்கம் வீடு வாங்கியபோது, கடையை மூடிக்கொண்டிருந்த பொஸ் அந்தக் கொண்டை வைத்த சூரியனை லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டார். பின்வளவில் நிற்கிறார். பனி விழுந்தால் சுருளுக்குச் சுருள் வெள்ளை.

ஸ்பொன்சர் சரிவந்து, மச்சாளின் கணவர் அண்ணை கனடாவுக்கு வந்து சேர்ந்தபோது நல்ல வெயில்காலம். விமான நிலையத்தில் இருந்து நேரே எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தோம். மெலிந்து, பேச்சுக் குறைந்து, எந்தக் கதவருகிலும் நின்று பார்த்துவிட்டு உள்ளே வருகிற ஆளாக இருந்தார். நான் காலையிலேயே சிலையைப் படுக்கை விரிப்பால் மூடிவிட்டிருந்தேன். முகாமில் இருந்து வந்த மனிதன் முதல்நாளே எங்கள் வளவில் புத்தரைக் கண்டால் என்ன நினைப்பார்? சாப்பிட்டு முடித்து எல்லோரும் வெளியே வந்தோம். மச்சாள் நேரே போய் விரிப்பை இழுத்துப் போட்டார்.

"ஏன்டி மூடி வைச்சிருக்கிறாய்? பாக்கட்டும்."

அண்ணை அப்படியே நின்றார். கிட்டப் போனார். சால்வையின் மடிப்பில் கையை வைத்தார். பின்னால் போய்ப் பார்த்தார். முன்னால் வந்து அந்த மூக்கையும் சுருளையும் கொண்டையையும் வெகு நேரம் பார்த்தார். பிறகு, புதிதாகச் சந்திக்கும் எவரிடமும் எங்கள் ஆட்கள் முதலில் கேட்கிற அந்தக் கேள்வியை, மச்சாளைப் பார்த்துக் கேட்டார்.

"உவர் எந்த ஊர்?"

மச்சாளும் நானும் என் மகளும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம்.